வாக்கு அங்கே, வேலை இங்கே

தாம்பரம் ரயில் நிலையத்தில் வந்திறங்கும் வடமாநிலத் தொழிலாளர்களைக் கட்சிகள் தத்தம் தேவைக்கேற்பவே காண்கின்றன. 2023 மார்ச்சில், அவர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொலிகள் பரவியபோது, பிகார் சட்டப்பேரவையில் பாஜக அமளியில் இறங்கியது. இங்கே நாம் தமிழர் கட்சி, அவர்களுக்கு வாக்குரிமை தரலாகாது என்கிறது. அங்கே பரிவு, இங்கே அச்சம்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது கூலியை. ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளியைவிடக் குறைந்த ஊதியம் தரக் கூடாது என்று 1979-ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டமே விதித்தது. அது கண்டிப்புடன் நடைமுறையாகியிருந்தால், மலிவான ஆளைத் தேடும் ஆதாயம் ஒப்பந்ததாரருக்கு இராது; உள்ளூர்க்காரரின் அச்சமும் தணிந்திருக்கும். ஆனால், வாக்கு பிகாரில், வேலை பல்லாவரத்தில் என்றிருப்பவரின் கூலிக்காக வாதாட எந்தக் கட்சிக்கு அவசியம்?