எண்ணெயில் பேசும் முகங்கள்

(இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது நம் பழமொழி. அந்த அகத்தைத் துணியின் மேல் வண்ணத்தால் கொண்டு வர முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஓவியர் ரெம்பிராண்ட். 1606-ல் ஹாலந்தில் லைடன் என்ற ஊரில் ஓர் ஆலைக்காரரின் மகனாகப் பிறந்தவர்.

ஓவியத்தைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். என் அப்பா பெயிண்டர். படம் வரைகிற பெயிண்டர் இல்லை. கதவு, ஜன்னல், கேட்டுக்கு அடிக்கிறவர். நூலகத்தில் ரெம்பிராண்ட் பற்றிய புத்தகத்தைப் புரட்டியபோது ‘ஆளி விதை எண்ணெய்’ என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அப்பா பட்டி பிசைய எங்கள் திண்ணையில் டின்னில் வைத்திருக்கும் அதே லின்சீட் ஆயில்!

எண்ணெய் வண்ணத்தின் ரகசியம்

நிறப்பொடியை இந்த எண்ணெயில் அரைத்தால் எண்ணெய் வண்ணம் தயார். நீர் வண்ணம் தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது. எண்ணெய் அப்படியல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. அதற்கு நாட்கணக்கில் ஆகும். இந்தத் தாமதம்தான் முகம் வரைகிறவருக்கு வரம்! ஈரம் இருக்கும்வரை ஒரு நிறத்தை இன்னொன்றோடு இழைக்கலாம், துடைக்கலாம், சுரண்டலாம். சுமார் 1628-ல் தன் முகத்தையே வரைந்தபோது, ரெம்பிராண்ட் தூரிகையைத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பால் ஈர வண்ணத்தைக் கீறியே தலைமுடிச் சுருள்களைக் கொண்டு வந்தார். அப்போது அவருக்கு வயது 22 இருக்கும்.

மெல்லிய நிழல், தடித்த ஒளி

முதலில் துணிக்குப் பழுப்பு நிற அடிப்பூச்சு. நம்ம ஊர் பிரைமர் மாதிரிதான். அதன் மேல் வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று பழுப்பிலேயே குறித்துக்கொள்வார். நிழல் பகுதிகளை மெல்லிசாக விட்டுவிடுவார். வெளிச்சம் விழும் நெற்றி, மூக்கு, கன்னத்தில் ஈய வெள்ளை கலந்து தடிமனாக அப்புவார். இதற்கு ‘இம்பாஸ்டோ’ என்று பெயர். மேடு பள்ளமான அந்தப் பூச்சில் அறையின் நிஜ வெளிச்சமே பட்டு, தோல் உயிரோடு இருப்பது போலத் தெரியும்.

அவருடைய சில ஓவியங்களின் தடித்த பூச்சில் ‘பிளம்போனாக்ரைட்’ என்ற அரிய ஈயச் சேர்மம் இருப்பதை 2019-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எண்ணெயில் ஈய ஆக்சைடு சேர்த்திருப்பார் என்பது அவர்கள் கணிப்பு. இதை அப்பாவிடம் சொன்னேன். “சீக்கிரம் காயறதுக்கு டிரையர் போட்டிருப்பாருடா” என்றார். ஈய ஆக்சைடு செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்றுதான்! அப்பா படித்தது மூன்றாம் வகுப்பு. (ஈயம் நஞ்சு. அதனால் இன்று பெரும்பாலும் டைட்டானியம் வெள்ளைதான்.)

உணர்ச்சி எங்கே இருக்கிறது?

கண்ணின் ஓரம், உதட்டின் ஓரம் – முகத்தின் பாவம் முழுதும் இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. அங்கேதான் ரெம்பிராண்ட் கோடு போடாமல் நிழலில் கரைத்து விடுகிறார். அது வருத்தமா, சிரிப்பா என்று பார்க்கிறவர் மனசு தேடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் தெளிவாகப் போட்டால் முகம் பொம்மையாகிவிடும். மெஷின் டிராயிங்கில் ஒரு கோடு விட்டுப்போனால் மார்க் போய்விடும். முகத்திலோ எதை விட வேண்டும் என்று தெரிந்தவரே கலைஞர்!

1656-ல் ரெம்பிராண்ட் கடனில் மூழ்கித் திவாலானார். 1668-ல் மகன் டைட்டஸ் இறந்தார். அடுத்த ஆண்டு, தன் 63-ம் வயதில், மீண்டும் தன் முகத்தை வரைந்தார். அந்தப் படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. கையில் தூரிகை இருப்பதாகத்தான் முதலில் வரைந்திருக்கிறார். எக்ஸ்ரேயில் அது தெரிகிறது. பிறகு அதை மறைத்து, கைகளைச் சும்மா கோத்துவிட்டார். நம் கண் நேரே முகத்துக்குப் போகிறது. தொங்கிய கன்னம், சுருங்கிய நெற்றி... எதையும் அவர் ஒளிக்கவில்லை. அந்த ஆண்டே அவர் மறைந்தார்.

நான் டிப்ளமோ சேர்ந்த சந்தோஷத்தில் அப்பாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனோம். சாரத்திலிருந்து விழுந்த தழும்பையும் நெற்றிச் சுருக்கத்தையும் கம்ப்யூட்டரில் துடைத்து, பளபளவென்று கொடுத்தார்கள். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “இது யாருடா?” என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு ரெம்பிராண்டிடம்தான் கிடைத்தது.

இந்த லீவில் ஒரு பிளைவுட் துண்டில் அப்பாவை வரைந்து பார்க்கப் போகிறேன். “சுருக்கத்தை மட்டும் போட்டுடாதடா” என்கிறார். அங்கேதான் பெயிண்டைத் தடிமனாக வைக்கப் போகிறேன்! சரியாக வராமலும் போகலாம். ஆனால் அம்மா பார்த்தால் யார் என்று கேட்கக் கூடாது. அது போதும்.

நண்பர்களே, நம்மைப் படிக்க அனுப்பிய முகங்களை நீங்களும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்!