கூலியைக் குறைத்தால் செலவு கூடும்

கடந்த மாதம் என் மிதிவண்டியை எங்கள் தெருமுனையில் உள்ள பழுதுபார்க்கும் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மேட்டில் ஏறும்போதெல்லாம் செயின் பல்லைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது. செயினை மாற்றினால் போதும், 250 ரூபாயில் வேலை முடிந்துவிடும் என்பது என் கணக்கு. கடைக்காரர் சொன்ன தொகையோ 980 ரூபாய்! செயின் 180, பின்சக்கரத்தின் ஃபிரீவீல் 150, பெடல் தண்டுடன் கூடிய முன் பல்சக்கரம் 450, கூலி 200.

கெட்டது ஒன்று, மாற்றச் சொல்வது மூன்றா என்ற ஐயம் எழுந்தது. வழக்கம்போல் கூலியில்தான் பேரம் பேசினேன். அவர் கோபப்படவில்லை. புதிய செயினை எடுத்துப் பழைய பல்சக்கரத்தின்மீது வைத்து, "நீங்களே பாருங்க சார்" என்றார். செயினின் கண்ணிகள் பற்களில் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றன.

செயின் ‘நீண்டுவிட்டது’ என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும், அவை சுழலும் துளைகளும் தேய்கின்றன. எண்ணெயில் ஒட்டிய மணலும் தூசியும் உப்புத்தாள்போல் அவற்றை அராவுகின்றன. மிதிவண்டிச் செயினில் ஓர் ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே உள்ள தூரம் சரியாக அரை அங்குலம். எனவே, புதிய செயினில் 24 கண்ணிகளை அளந்தால் 12 அங்குலம் இருக்கும். இந்த அளவு ஒன்றரை மில்லிமீட்டர் கூடிவிட்டால் செயினை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். மூன்று மில்லிமீட்டர் கூடும் வரை ஓட்டினால், செயின் தன் தேய்மானத்துக்கு ஏற்பப் பல்சக்கரங்களையும் தேய்த்துக் கொக்கிபோல் வளைத்துவிடும். பிறகு புதிய செயின் அவற்றில் உட்காராது. பள்ளிப் பிள்ளைகளிடம் இருக்கும் ஓரடி அளவுகோல் ஒன்று போதும், இதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அப்படி அளந்து பார்த்து உரிய காலத்தில் செயினை மட்டும் மாற்றியிருந்தால், இரு பல்சக்கரங்களுக்கான 600 ரூபாய் எனக்கு மிச்சமாகியிருக்கும். கடைக்காரர் கேட்ட தொகையில் பெரும்பகுதி என் அலட்சியத்தின் விலை.

மற்ற பாகங்களுக்கும் இதுவே விதி. சக்கரத்தின் நடுவே உள்ள குண்டுகளுக்குக் கிரீஸ் வைக்க ஆகும் பொருள்செலவு சில ரூபாய்தான். வைக்கத் தவறினால் குண்டுகள் மட்டுமல்ல, அவை உருளும் கிண்ணமும் குழிவிழுந்து அச்சையே மாற்ற வேண்டிவரும். காற்றுக் குறைந்த டயருடன் ஓட்டினால் அதன் பக்கவாட்டில் வெடிப்பு விழும். டியூபும் சக்கர வளையத்துக்கும் சாலைக்கும் இடையில் நசுங்கிக் கிழியும்.

அன்று எனக்குப் புரிந்த இன்னொரு செய்தி கூலியைப் பற்றியது. பாகங்களின் உறையில் விலை அச்சிடப்பட்டிருக்கிறது. அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. கூலிக்கு அச்சிட்ட விலை கிடையாது என்பதால் எல்லோரும் அதில்தான் கைவைக்கிறோம். விளைவு, பாகங்களை விற்றுக் கிடைக்கும் லாபத்தில்தான் கடை பிழைக்க வேண்டியிருக்கிறது. சக்கரத்தின் கோணலை நிமிர்த்தும் ‘பெண்டு எடுக்கும்’ வேலைக்குப் புதிய பாகம் எதுவுமே தேவையில்லை. கம்பிகளை முறுக்கும் ஒரு சாவியும், கூர்ந்த கண்ணும், பொறுமையும் போதும். அந்தப் பொறுமைக்கு நாம் பணம் தர மறுத்தால், "வீலையே மாத்திடுங்க" என்ற பதில் வருவதில் வியப்பென்ன?

முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை மிதிவண்டியை ‘ஓவராயில்’ செய்யக் கொடுப்பார்கள். வண்டியைக் கடைசிக் குண்டு வரை பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டுவார்கள். அதற்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி கூலி. அப்படிப் பராமரித்த வண்டிகள் தந்தையிடமிருந்து மகனுக்குப் போயின. இன்று அந்தச் சொல்லே அரிதாகி வருகிறது.

மிதிவண்டிக்கும் அதன் பாகங்களுக்கும் இருந்த 12 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால், நான் வாங்கிய 780 ரூபாய்ப் பாகங்களில் அதனால் கிடைக்கக்கூடிய மிச்சம் ஏறத்தாழ 50 ரூபாய். வரிக் குறைப்பைவிடப் பராமரிப்பு தரும் மிச்சம் பல மடங்கு பெரிது.

நான் காத்திருந்தபோது, சீருடை அணிந்த மாணவி ஒருவர் அரசு வழங்கிய மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்டயர் கிழிந்து டியூப் எட்டிப்பார்த்தது. "எவ்வளவு ஆகும்ண்ணே?" என்று கேட்டார். டயரும் டியூபும் சேர்த்து 500 ரூபாய் ஆகும் என்றதும், "வீட்டுல கேட்டுட்டு வர்றேன்" என்று வண்டியைத் திருப்பினார். கடைக்காரர் அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, பழைய டயர்த் துண்டு ஒன்றைக் கிழிசலுக்குள் வைத்து, டியூபுக்குப் பஞ்சர் ஒட்டி, 30 ரூபாய் வாங்கிக்கொண்டார். "ஒரு மாசம் ஓடும் பாப்பா. அதுக்குள்ள மாத்திடணும்" என்றார்.

எனக்கு எரிச்சல் மூட்டிய செலவு, அந்த மாணவிக்குப் பள்ளிக்குப் போகும் வழியையே அடைக்கக்கூடியது.

2020இல் முதல் பொதுமுடக்கம் தளர்ந்தபோது, பழைய மிதிவண்டிகளைப் பழுதுபார்க்க வண்டி ஒன்றுக்கு 50 யூரோ வரை பிரான்ஸ் அரசு உதவியது. மூலையில் கிடக்கும் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருவது புதிய வண்டி தருவதற்கு இணையானது என்ற புரிதல் அதில் இருந்தது. தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் 1 பயிலும் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கிவருகிறது. ஆண்டுக்கு ஒருநாள் உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர்களை அந்தப் பள்ளிகளுக்கு அழைத்து, உரிய கூலி கொடுத்து, வண்டிகளைச் சீர்செய்யலாம். செயினுக்கு எண்ணெய் விடவும், டயரின் காற்றைப் பார்க்கவும் மாணவர்களுக்கு அன்றே கற்றுக்கொடுக்கலாம். ஒரு புதிய மிதிவண்டியின் விலையில் பல வண்டிகள் பிழைக்கும். அழிந்துவரும் ஒரு தொழிலும் பிழைக்கும்.

அன்று கேட்ட தொகையைக் குறைக்காமல் கொடுத்தேன். இரு சக்கரங்களையும் பிரித்துக் கிரீஸ் வைத்துத் தரும்படியும் கேட்டுக்கொண்டேன். அதற்குக் கூலி 150 ரூபாய். புதிய பாகம் எதுவும் இல்லை. அன்று நான் செய்த செலவில் மிகவும் பயனுள்ளது அந்த 150 ரூபாய்தான்.