யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

 மிசோரத்துக்குக் கிறிஸ்தவம் வந்த கதை தேயிலையில்தான் ஆரம்பிக்கிறது. அஸ்ஸாமின் கச்சார் பகுதியில் வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட்டுக்கொண்டே தெற்குப் பக்கம் நகர்ந்தார்கள். அங்கே இருந்தது, இன்று மிசோக்கள் என்று அழைக்கப்படும் லுஷாய் மலைக்காரர்களின் வேட்டைக்காடு. 1871 ஜனவரியில் மலைக்காரர்கள் அலெக்ஸாண்ட்ராபூர் தோட்டத்தில் புகுந்து ஒரு துரையைக் கொன்றார்கள். அவருடைய ஆறு வயது மகள் மேரி வின்செஸ்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுவருடம் படை போய்ச் சிறுமியை மீட்டது. 1889-90ல் மறுபடி போன படை திரும்பி வரவில்லை. ஐசாலில் கோட்டை கட்டி உட்கார்ந்துவிட்டது. இன்றைய மிசோரம் ஆங்கிலேயர் கைக்குப் போனது அப்படித்தான்.

போதகர்கள் வந்தது அதற்குப் பிறகு. துப்பாக்கி திறந்துவிட்ட பாதை வழியாகத்தான் அவர்கள் மலையேறினார்கள் என்பதை நாம் மறக்க வேண்டாம். ஜேம்ஸ் ஹெர்பர்ட் லோரெய்ன், ஃபிரெடரிக் வில்லியம் சாவிட்ஜ் என்று இரண்டு இளைஞர்கள். லீட்ஸ் நகரத்துச் செல்வர் ராபர்ட் ஆர்திங்டன், தான் சிக்கனமாக வாழ்ந்து மிச்சம் பிடித்த பணத்தில் நடத்திய மிஷன் அவர்களை அனுப்பியது. கச்சாரின் சில்சாரிலிருந்து தோணியில் ஆற்றை எதிர்த்து ஏறி, 1894 ஜனவரி 11 அன்று ஐசாலுக்கு அருகில் உள்ள சாய்ராங் வந்து சேர்ந்தார்கள். மிசோரத்தில் அந்த நாள் இன்றும் அரசு விடுமுறை.

இந்த இடத்தில்தான் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரு தப்பெண்ணம். வெள்ளைக்காரப் போதகர் மலைக்குப் போனார், பிரசங்கம் செய்தார், ஒன்றும் அறியாத ஜனங்கள் கூட்டமாக மதம் மாறினார்கள் என்று நினைக்கிறோம். இதைப் புகழ்ந்து சொல்கிறவர்களும் திட்டிச் சொல்கிறவர்களும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். இரண்டிலும் மலைக்காரர்கள் சும்மா நிற்கிறார்கள். நடந்ததைப் பார்ப்போம். லோரெய்னும் சாவிட்ஜும் நாலு வருடம் இருந்துவிட்டு 1897 கடைசியில் கிளம்பியபோது, ஒரே ஒருவருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. முதல் இருவர், கூமா, காரா என்பவர்கள், 1899ல்தான் பெற்றார்கள். கொடுத்தவர் இவர்களுக்குப் பின் வந்த வேல்ஸ் நாட்டுப் போதகர் டி. ஈ. ஜோன்ஸ்.

அப்படியானால் அந்த நாலு வருடம் என்னதான் செய்தார்கள்? மாணவர்களாக இருந்தார்கள். பேசத் தெரியாத ஊரில் முப்பது வயது மனிதரும் குழந்தைதான். மரத்தைக் காட்டி "இது என்ன?" என்றால், பதிலாக வருவது மரத்தின் பெயரா, பட்டையின் பெயரா, நீட்டிய விரலின் பெயரா? பத்துப் பேரிடம் பத்து நாள் கேட்டால்தான் தெளியும். லெவின் என்ற அதிகாரி 1874லேயே லுஷாய்ப் பேச்சைப் பற்றி ஒரு பயிற்சிப் புத்தகம் போட்டிருந்தார் என்றாலும், மிசோக்கள் தாங்களே எழுதிப் படிக்க எழுத்து என்று ஒன்று கிடையாது. தோலில் எழுதிக் கடவுள் கொடுத்த எழுத்தை நாய் தின்றுவிட்டதாக அவர்களிடம் ஒரு கதை உண்டு.

எழுத்து இல்லாத பேச்சுக்கு எழுத்து உண்டாக்குவது எப்படி? பாத்திரத்துக்கு மூடி தேடுவது மாதிரி. வீட்டில் இருக்கும் மூடிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம். பொருந்தாததற்குப் புதிதாகச் செய்வோம். ரோமன் எழுத்துகள்தான் அவர்கள் கையில் இருந்த மூடிகள். மிசோவில் 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் நடுவே ஓர் ஒலி உண்டு. காப்பி என்பதை இங்கிலீஷில் சொல்லும்போது நம் வாய் லேசாகக் குவிகிறதே, அதற்குப் பக்கத்தில் வரும். ஏ-யையும் டபிள்யூ-வையும் சேர்த்து அதற்கு ஒரே எழுத்தாக்கினார்கள். இன்றும் மிசோ அரிச்சுவடியில் 'ஆ'வுக்கு அடுத்த எழுத்து அதுதான். நாக்கை மடித்துச் சொல்லும் ஒரு டகரத்துக்கு, டி-யின் காலடியில் புள்ளி வைத்தார்கள்.

மூடியே கிடைக்காத சிக்கல், குரலின் ஏற்ற இறக்கம். 'லெய்' என்ற ஒரே சொல்லுக்கு நாக்கு, மண், பாலம், வாங்குதல் என்று வேறுவேறு பொருள்; எது என்று காட்டுவது குரல்தான். அந்த ஏற்ற இறக்கத்தை எழுத்து முழுமையாகக் காட்டவில்லை. படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார். நமக்கும் இது பழக்கம்தானே. 'பாவம்' என்று எழுதியிருந்தால் அது செய்த பாவமா, முகத்தில் காட்டும் பாவமா என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் உச்சரிப்பை மாற்றுகிறோம்.

இந்த ஒலிகளெல்லாம் யாருடையவை? மிசோக்கள் வாய் திறந்து, சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தவை. சுவாகா, தங்புங்கா என்ற இரண்டு பேர் லோரெய்னும் சாவிட்ஜும் நடத்திய முதல் பள்ளியின் முதல் மாணவர்கள் என்று குறிப்பு இருக்கிறது. என் கணக்கில் அவர்கள் முதல் ஆசிரியர்களும்கூட. தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த போதகர் சீகன்பால்குவும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். அவருக்கு எழுத்து தயாராக இருந்தது; இவர்களுக்கு இல்லை. லோரெய்னுக்கு மிசோக்கள் பூ புவாங்கா என்று பெயர் வைத்தார்கள். 'பூ' என்றால் தாத்தா, ஐயா. 'புவாங்' என்பது அவருடைய வெளிறிய தலைமுடியின் நிறம். கடவுளுக்கு எந்தச் சொல் என்று தேடியபோதும், மலையில் ஏற்கெனவே இருந்த பதியன் என்ற பெயர்தான் நிலைத்தது.

மதம் வேகமாகப் பரவியது 1906லும் 1919லும் எழுந்த, எழுப்புதல் என்று சொல்லப்படும் பக்தி அலைகளில். இன்றைய மேகாலயாவின் காசி மலையிலிருந்து வந்த முதல் அலையையும் பின்னால் எழுந்ததையும் ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் மிசோக்களே. நடக்க மிசோக் கால்கள், பேச மிசோ வாய்கள், செலவுக்கு மிசோ அடுப்படி. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போடுவாள். சேர்ந்த அரிசியைச் சபைக்குக் கொடுத்து, விற்ற காசில் ஊழியரை அனுப்புவார்கள். நம் பிடி அரிசித் திட்டம் போலவேதான். 1910 வாக்கில் தொடங்கிய வழக்கம் இன்னும் நிற்கவில்லை.

இழப்பும் உண்டு. வாலிபர்கள் ஒன்றாகத் தூங்கி, பெரியவர்களிடம் வாழ்க்கையைக் கற்ற ஸோல்புக் என்ற பொதுக்கூடம் மறைந்தது. பழைய விருந்துகளும், விருந்தோடு பல பாட்டுகளும் போயின. அந்தப் பாட்டுகளுக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம். அரிசிக் கள்ளும் ஆட்டமுமாக இருந்த விருந்துகளில் முழங்கியது என்பதற்காக, 'குவாங்' என்ற மத்தளம்கூட முதலில் தேவாலயத்துக்கு வெளியே நின்றது.

அந்த மத்தளத்தை உள்ளே கொண்டுவந்தவர்கள் மிசோக்கள். வேல்ஸ் மெட்டு அவர்கள் நெஞ்சில் முழுசாக உட்காரவில்லை. 1919க்குப் பிறகு தங்கள் பழைய ராகத்துக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி, இழுத்து இழுத்துப் பாடும் பாட்டுகளைத் தாங்களே கட்டினார்கள். அதைப் பாட வட்டமாக உட்காருவார்கள், நடுவில் மத்தளம். பாட்டு ஏற ஏற ஒருவர் எழுந்து ஆடத் தொடங்குவார். பக்கத்தில் இருப்பவரும் எழுந்து வட்டத்தில் சேர்ந்துகொள்வார்.