சின்னப் பெட்டி, பெரிய ஆட்டம் – 9: செப்புக் குழாயும் கச்சானும்

பத்து லீற்றர் பெட்டிக்குள் மினி ஐடிஎக்ஸ் போர்ட் ஏறிவிட்டது. பழைய ரைசன் 5 3600 இருந்த இடத்தில் 5600 உட்கார்ந்துவிட்டது. இந்த வாரம் கிராபிக்ஸ் கார்ட் என்றுதான் சொல்லியிருந்தேன். அதற்கு முன் கூலரை இரண்டு பந்தியில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால், அதன் செப்புக் குழாய், அதாவது ஹீட் பைப், என்னை விடவில்லை.

யூனிட்டி பிளாசாவிலிருந்து எடுப்பித்த கூலர் மேசையில் கிடக்கிறது. விசிறியோடு சேர்த்து 47 மில்லிமீற்றர் உயரம். அடித்தட்டிலிருந்து நான்கு குழாய்கள் கிளம்பி, வளைந்து, அலுமினியத் தகடுகளை ஊடுருவிப் போகின்றன. ஒவ்வொன்றும் 6 மில்லிமீற்றர். கனபேர் இதைத் திண்டான செப்புக் கம்பி என்றே நினைக்கிறார்கள். உள்ளே வெறுமை. உட்சுவரில் செப்புத் தூளை உருகாத அளவுக்குச் சூடாக்கி ஒட்டிய நுண்துளைப் படலம். அந்தப் படலத்தில் ஊறிய தண்ணீர், ஒரு தேக்கரண்டி கூட வராது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு முனையை அடைத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் முழு இயந்திரமும்.

காற்று இல்லாததால் உள்ளே அழுத்தம் மிகக் குறைவு. குழாய் 40 பாகையில் இருந்தால், வெளியழுத்தத்தில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்குதான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 40 பாகையிலேயே ஆவியாகப் பறக்கும். புரொசெசரின் சூட்டை வாங்கி ஆவியாகிறது, தகடுகள் உள்ள குளிர்ந்த முனைக்கு ஓடுகிறது, அங்கே ஒடுங்கித் திரும்பத் தண்ணீராகிறது. மயிர்த்துளை இழுவையால் படலத்தின் வழியே ஊர்ந்து மீண்டும் சூட்டுக்கு வருகிறது. பம்பு இல்லை, கரண்ட் இல்லை.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராமை அந்த வெப்பநிலையில் ஆவியாக்க ஏறக்குறைய 2,400 ஜூல் வேண்டும். 5600 உச்சத்தில் இழுப்பது 76 வாட்ஸ். அத்தனையும் ஆவி வழியாகவே போவதாக வைத்தாலும், நொடிக்கு 0.04 கிராமுக்கும் குறைவான தண்ணீர் ஆவியானால் போதும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

இந்தக் குழாயின் காப்புரிமைக்கு ஜெனரல் மோட்டர்ஸின் ரிச்சர்ட் கோக்லர் விண்ணப்பித்தது 1942இல். இங்கே திருகோணமலையில் ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டதும் அதே ஆண்டுதான். அவர் யோசித்தது குளிரூட்டும் பெட்டிகளுக்காக. 1944இல் உரிமை கிடைத்தும் அது தாளிலேயே கிடந்தது. 1963இல் லாஸ் அலமோஸில் ஜோர்ஜ் குரோவர் தனியாக அதே வழியைக் கண்டுபிடித்து, ஹீட் பைப் என்று பெயரும் வைத்தார். 1967இல் தண்ணீர் நிரப்பிய குழாய் ஒன்று விண்வெளிக்குப் போய், எடையில்லாத இடத்திலும் ஓடும் என்று காட்டியது. அது இப்போது நம் மேசைக்கு வந்திருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். உவர்மலையில் இருந்து ஒரு பொடியன் கேட்டான்: "அண்ணா, வீடியோவில இதே கூலருக்கு 72 காட்டுது. எனக்கு 85. எனக்கு வந்தது போலியோ?"

"தம்பி, உன்ர அறையில எத்தனை பாகை?"

அளந்து பார்த்திருக்கவில்லை. அளந்தான்: 34. வீடியோக்காரரின் அறை 21. இரண்டிலும் கூலர் செய்த வேலை ஒன்றே. அறைக் காற்றுக்கு மேல் 51 பாகை. இந்த வகைக் கூலர் எதுவும், எவ்வளவு விலை கொடுத்தாலும், அறைக் காற்றைவிடக் கீழே இறக்காது. 5600இன் எல்லை 90. திருகோணமலையில் மத்தியானம் அந்த எல்லைக்கும் உங்களுக்கும் நடுவே ஐந்து பாகைதான்.

அந்த 34 எங்கிருந்து வருகிறது? வைகாசி தொடங்கித் தென்மேற்குக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. ஈரம் முகிலாக ஒடுங்கி ஹற்றனிலும் வட்டவளையிலும் மழையாகக் கொட்டுகிறது. ஆவி கடலில் வாங்கி வைத்திருந்த மறைவெப்பம் ஒடுங்கும்போது காற்றிடமே தங்கிவிடுகிறது. அதனால் முகிலுக்குள் ஏறும்போது கிலோமீற்றருக்கு ஐந்தாறு பாகைதான் குளிரும். மலை தாண்டி நம் பக்கம் இறங்கும்போது ஈரம் போய்விட்டது. காற்று அமுங்கிக் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை சூடேறும். அந்த மிச்சச் சூடு கந்தளாய் வெளியைத் தாண்டிக் கச்சானாக நம் ஜன்னலில் அடிக்கிறது. செப்புக் குழாய்க்குள் நடப்பதும் மலைநாட்டில் நடப்பதும் ஒரே பௌதிகம். ஒன்று நம் சூட்டைக் கொண்டுபோகிறது, மற்றது யாரோ ஊர் மழையின் சூட்டை நம் அறைக்குக் கொண்டுவருகிறது.

ஆகவே கச்சான் காலத்தில் இன்னும் பெரிய கூலர் தேடி ஓடாதீர்கள். சின்னப் பெட்டியில் அதற்கு இடமும் இல்லை. சூட்டைப் பிறப்பிலேயே குறையுங்கள். பயோஸில் மின் எல்லையை 76 வாட்ஸிலிருந்து 65க்கு இறக்குங்கள். பெரும்பாலான ஆட்டங்களில் வேகத்தைத் தீர்மானிப்பது கிராபிக்ஸ் கார்ட் என்பதால், வித்தியாசம் கண்ணுக்குப் படாது. அடுத்தது, கூலர் விசிறிக்கும் பக்கத் தகட்டின் துளைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஸ்பொஞ்ச் வளையம் வெட்டி அடையுங்கள். இல்லாவிட்டால் விசிறி பெட்டிக்குள் சுற்றும் சூட்டையே திரும்பத் திரும்பக் குடிக்கும். மத்தியானம் ஜன்னலைச் சாத்தி வையுங்கள், கடற்காற்று ஏறின பிறகு திறவுங்கள்.

கடற்காற்றோடு உப்பும் வரும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானே ஈரம் உறிஞ்சிக் கரைந்து, தகடுகளில் தூசியைப் பசையாக ஒட்டவைக்கும். அதற்குத் தனியாகவே ஒரு வாரம் வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டில் என் தெரிவு இரண்டாகச் சுருங்கி நிற்கிறது: 115 வாட்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060, 170 வாட்ஸ் 3060. இரண்டும் தங்கள் சூட்டை இதே பெட்டிக்குள்தான் கொட்டும். அடுத்த வாரம் அதுதான். அதற்கிடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு உங்கள் அறை எத்தனை பாகை என்று அளந்து எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த கணக்கைத் தொடங்க முடியாது.