பணம் பெற்று எழுதப்படும் பொருள் மதிப்புரை

ஒரு பொருளைப் பயன்படுத்தியவர் அதன் நிறை குறைகளைப் பிறருக்கு எடுத்துக் கூறுவது மதிப்புரை எனப்படும். உற்பத்தியாளர் பணம் செலுத்தித் தமது பொருளைப் பற்றிக் கூறச் செய்வது விளம்பரம் ஆகும். விளம்பரம் மதிப்புரையின் வேடத்தில் வரும்போதே ஒழுக்கப் பிரச்சினை எழுகின்றது.

மாணவர்களே, புத்தூரின் செம்மண் தோட்டமொன்றை நினைத்துப் பாருங்கள். வெங்காயம் நட்டிருக்கும் கமக்காரர் ஒருவர், புதிய திரவப் பசளை ஒன்றைப் பற்றிப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் "அண்ணை, உது எப்பிடி?" என்று கேட்கிறார். "நல்ல சாமான், நம்பிப் போடு" என்று விடை வருகிறது. சொல்பவருக்கு இதில் இலாபமில்லை, தம் பயிரில் கண்டதையே சொல்கிறார் என்று எண்ணித்தான் கேட்டவர் நம்புகிறார். விற்கும் ஒவ்வொரு போத்தலுக்கும் கம்பனி அவருக்குத் தரகு கொடுக்கிறது என்று தெரிந்திருந்தால், முதலில் அரைப் பரப்புக்கு மட்டும் இட்டுப் பார்த்திருப்பார். அல்லது விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பயிர் கெட்டால் ஒரு போகத்து உழைப்பும், நகையை அடகு வைத்துப் பெற்ற கடனும் அவர் தலையில்தான்.

இவ்விடயம் பற்றி எழுதும்போது பலர் "பணம் பெறுவது தவறு" என ஒரே வரியில் முடித்துவிடுவர். அது போதிய விடையன்று. ஒரு பொருளைப் பரிசோதிக்க நேரமும் உழைப்பும் தேவை. அதற்குக் கூலி பெறுவது குற்றமாகாது. பெற்றதை மறைப்பதே தவறு. மேலும், ஒரு பொய்யும் கூறாமலே ஒருவர் ஏமாற்றலாம். பயிர் பச்சை பிடித்ததை எழுதி, இலை நுனி கருகியதை விட்டுவிட்டால் போதும். அடுத்த கொடுப்பனவு பாராட்டில் தங்கியிருக்கும்போது குறை சொல்லும் துணிவு தானாகவே குறைந்துவிடும்.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் 30 ஆம் பிரிவு நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையையும், 31 ஆம் பிரிவு பொருளின் தரம் முதலியன பற்றிய பொய்யான கூற்றுகளையும் தடைசெய்கின்றன. எனினும் இவை வியாபாரியை நோக்கியே பேசுகின்றன. மதிப்புரை எழுதுபவர் தாம் பணம் பெற்றதை வெளிப்படுத்த வேண்டும் என இப்பிரிவுகளில் கூறப்படவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2009 இல் தனது வழிகாட்டலைத் திருத்தி, பணமோ இலவசப் பொருளோ பெற்று மதிப்புரை எழுதுபவர் அதனை வெளிப்படுத்த வேண்டும் என்றது. இலவசப் பொருளும் கணக்கில் சேரும் என்பதைக் கவனிக்க. இதனையே பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதியை அதே ஆணைக்குழு 2024 இல் கொண்டுவந்தது. இந்தியாவிலும் 2022 ஜூன் மாதத்தில் வெளியான வழிகாட்டு நெறிகள், பொருளைப் பரிந்துரைப்பவர் விற்பனையாளருடன் தமக்குள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன.

பயிற்சி வினா: மேற்கூறிய பக்கத்துத் தோட்டக்காரர் தரகு எதுவும் பெறவில்லை, பசளையை மட்டும் இலவசமாகப் பெற்றார். அது நல்லது என உண்மையாகவே நம்புகிறார். இலவசமாகப் பெற்றதை அவர் சொல்ல வேண்டுமா? காரணம் தருக.