கல்லச்சு ஓவியம்: வரைபவரும் அச்சிடுபவரும் வாங்குபவரும் அறிய வேண்டிய உரிமைகள், ஆபத்துகள், தீர்வுகள்

ஓவியர் கல்லின்மீது தம் கையால் வரைந்து, அந்தக் கல்லிலிருந்தே தாளில் அச்சிட்டு எடுக்கும் லித்தோகிராஃபி எனும் கல்லச்சுக் கலையில், ஒரே படத்தின் முப்பது பிரதிகளும் முப்பது மூலப் படைப்புகளாகவே மதிக்கப்படுகின்றன. யார் வரைந்தார், எந்த முறையில் அச்சானது, மொத்தம் எத்தனை பிரதிகள் என்ற மூன்று செய்திகளும் மெய்யாக இருக்கும்வரையே அந்த மதிப்பு நிலைக்கும். இவற்றுள் ஒன்று பொய்த்தாலும் ஓவியரின் பெயரும் அச்சுக் கலைஞரின் உழைப்பும் வாங்குபவரின் பணமும் ஒருசேர இழப்புக்கு உள்ளாகின்றன. அச்சுக்கூடத்தில் கையாளப்படும் அமிலங்களும் கரைப்பான்களும் உடல்நலத்துக்குத் தனியே ஆபத்தானவை. இவற்றுக்கு எதிரான காப்பு, இக்கலையின் பொருள்களையும் கருவிகளையும் கலைச்சொற்களையும் அறிந்து, அச்சிடும் நாளிலேயே அனைத்தையும் எழுத்தில் பதிவு செய்வதில் தொடங்குகிறது.

கல்லும் கொழுப்பும் நீரும்

1790களின் பிற்பகுதியில் மியூனிக் நகரில் வாழ்ந்த நாடக ஆசிரியர் அலோய்ஸ் செனஃபெல்டர், தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடியபோது கண்டறிந்த முறையே கல்லச்சு. மரச்செதுக்கு அச்சில் மேடான பகுதியும் செப்புத்தகட்டு அச்சில் பள்ளமான பகுதியும் மையைத் தாங்குகின்றன. கல்லச்சிலோ மேடும் பள்ளமும் இல்லை. கொழுப்பும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்ற இயல்பைக் கொண்டே, சமதளமான கல்லில் வரைந்த இடம் மையை ஏற்கவும் வரையாத இடம் அதை விலக்கவும் செய்யப்படுகிறது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் நுண்மணிச் சுண்ணாம்புக்கல், கொழுப்பையும் நீரையும் ஒருங்கே ஏற்பதால், இன்றும் இதற்கு மிகச் சிறந்த கல்லாகக் கருதப்படுகிறது. கல் கிடைக்காத இடங்களில் மேற்பரப்பு சொரசொரப்பாக்கப்பட்ட அலுமினியத் தகடுகள் பயன்படுகின்றன.

முதல் வேலை கல்லைத் தேய்ப்பது. கார்போரண்டம் எனப்படும் சிலிக்கன் கார்பைடுத் துகளை நீருடன் கல்லின்மீது பரப்பி, லெவிகேட்டர் என்னும் கைப்பிடி பொருத்திய கனத்த வட்டத் தகட்டைச் சுழற்றித் தேய்க்கும்போது பழைய படம் முற்றிலும் நீங்கி, வரைவதற்கேற்ற நுண்ணிய சொரசொரப்பு உண்டாகிறது. பெருந்துகளில் தொடங்கி நுண்துகளில் முடியும் இத்தேய்ப்பின் அளவே கோட்டின் தன்மையைத் தீர்மானிக்கிறது. பின்னர் மெழுகு, சோப்பு, கொழுப்பு, புகைக்கரி ஆகியவை சேர்ந்த லித்தோ கிரேயானாலோ, அதே சேர்க்கையின் திரவ வடிவமான டூஷ் என்னும் மையாலோ ஓவியர் கல்லில் வரைகிறார். கல்லிலிருந்து நேரே அச்சிடும்போது படம் இடவலம் மாறி வருமென்பதால், அதை மனத்தில் கொண்டே வரைய வேண்டும்.

வரைந்து முடித்த கல்லின்மீது ரோசின் தூளும் டால்க் தூளும் தூவப்பட்டு, அரபிக் கோந்தில் சில துளி நைட்ரிக் அமிலம் கலந்த கரைசல் பூசப்படுகிறது. எட்ச் எனப்படும் இக்கரைசல் கல்லைப் பள்ளமாக அரிப்பதில்லை. வரையாத இடங்களில் நீரை ஏற்கும் கோந்துப் படலத்தை நிலைபெறச் செய்கிறது. அடுத்து, வரைந்த கிரேயான் கரைப்பானால் கழுவப்பட்டு, அது நின்ற இடங்களில் ஆஸ்பால்டம் எனும் நிலக்கீல் கரைசல் தேய்க்கப்படுகிறது. பிறகு கல்லை ஈரமாக வைத்துக்கொண்டே தோலுருளையால் எண்ணெய் மை ஏற்றி, தாளையும் அதன்மேல் டிம்பன் எனும் வழுவழுப்பான தகட்டையும் வைத்து, ஸ்கிரேப்பர் எனும் தோல் போர்த்திய அழுத்துச் சட்டத்தின் கீழ் அச்சு எந்திரத்தில் செலுத்துகின்றனர். வழக்கமாக ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கல்லோ தனித்தகடோ வேண்டும்.

பதிப்பின் கலைச்சொற்கள்

ஒரு கல்லிலிருந்து எடுக்கப்பட்ட, ஒன்றுபோலமைந்த பிரதிகளின் தொகுப்பு பதிப்பு எனப்படுகிறது. படத்தின் கீழே பென்சிலால் 7/30 என்று எழுதியிருந்தால், முப்பது பிரதிகள் கொண்ட பதிப்பில் அது ஏழாவது எண்ணிட்ட பிரதி என்று பொருள். அந்த எண் அச்சான வரிசையைக் குறிக்க வேண்டியதில்லை என்பதால், முதல் எண்ணுக்குத் தனி விலை கேட்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. அச்சு திருப்தியாக அமைந்ததும் ஓவியர் ஒப்புதல் அளித்துக் கையொப்பமிடும் மாதிரி, பான் அ திரே என்ற பிரெஞ்சுப் பெயரால் வழங்குகிறது. பதிப்பின் மற்றப் பிரதிகள் அதனோடு ஒப்பிட்டே ஏற்கப்படுகின்றன. இவற்றைத் தவிர, ஓவியருக்குரிய பிரதிகள், அச்சுக் கலைஞருக்குரிய பிரதி, இடையில் எடுத்த சோதனைப் பிரதிகள் ஆகியவையும் இருக்கும். முப்பது என்று எழுதப்பட்ட பதிப்பில் உண்மையில் எத்தனை தாள்கள் வெளியே உள்ளன என்பதை அறிய இவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பதிப்பு முடிந்ததும் கல்லில் உள்ள படத்தின் குறுக்கே கோடிட்டுச் சிதைத்து, அதிலிருந்து ஒரு தாளில் அச்செடுத்து வைப்பது ரத்துப் பிரதி எனப்படுகிறது. அதன்பின் கல் மீண்டும் தேய்க்கப்படுகிறது. இனிமேல் இப்படத்தை இக்கல்லிலிருந்து அச்சிட இயலாது என்பதற்கு இதுவே வலுவான சான்று. அச்சுக்கூடமும் அச்சுக் கலைஞரும் தாளின் ஓரத்தில் அழுத்திப் பதிக்கும் மையற்ற சிறு முத்திரை சாப் எனப்படும். 1960-இல் ஓவியர் ஜூன் வேய்ன் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி, 1970-இல் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தின் அங்கமான டாமரிண்ட் நிறுவனம், ஒவ்வொரு பதிப்புக்கும் இத்தகைய முத்திரைகளையும் முழு ஆவணத்தையும் கட்டாயமாக்கி, பிற அச்சுக்கூடங்களுக்கு முன்மாதிரியாக விளங்குகிறது.

அச்சுக்கூடத்தில் உடலுக்கு நேரும் ஆபத்துகள்

அடர் நைட்ரிக் அமிலம் தோலையும் கண்ணையும் எரிக்கும். உலோகத்தோடும் கரிமப் பொருள்களோடும் வினைபுரிந்து அது வெளியிடும் ஆவி நுரையீரலைத் தாக்கும். அந்த ஆவியைச் சுவாசித்தவருக்கு உடனே பெரிய தொல்லை தெரியாமல், சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் ஏற்படக்கூடும் என்பதால், தொல்லை இல்லை என்று கருதி வீட்டுக்குச் சென்றுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். நீர்த்த கரைசல் செய்யும்போது நீரிலோ கோந்திலோ அமிலத்தைத்தான் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். அமிலமும் கரைப்பான்களும் ஒரே அலமாரியில் இருந்தால் தீ மூளும் ஆபத்து உண்டு.

டர்பண்டைன், மண்ணெண்ணெய், தின்னர் போன்ற கரைப்பான்களின் ஆவி தலைவலி, மயக்கம், தோல் அழற்சி ஆகியவற்றை உண்டாக்குவதோடு, ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போரின் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கக்கூடும். சாதாரணத் தூசி முகமூடி இந்த ஆவியைத் தடுப்பதில்லை. கரிம ஆவிக்குரிய வடிகட்டி பொருத்திய முகமூடியும், காற்றை வெளியேற்றும் விசிறியும் தேவை. ரோசின் தூள் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டும். புகைப்பட முறையில் தகடு தயாரிக்கப் பயன்பட்டு வந்த டைகுரோமேட் உப்புகள் புற்றுநோய் விளைவிப்பவை என்பதால், அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. ஆளி விதை எண்ணெய் கலந்த மையைத் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். மூடியுள்ள உலோகத் தொட்டியில் இட்டு அன்றாடம் அகற்ற வேண்டும். 60 செ.மீ. அகலமும் 80 செ.மீ. நீளமும் 8 செ.மீ. தடிமனும் கொண்ட ஒரு கல் ஏறத்தாழ 100 கிலோ எடை இருக்குமாதலால், அதை ஒருவர் தனியே தூக்க முனைவது முதுகெலும்புக்குக் கேடு; தூக்கும் வண்டி இல்லாத கூடம் முழுமையான கூடமன்று.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் உற்பத்திச் செயல்முறையை வரையறுத்தபோதே லித்தோகிராஃபி அச்சையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஆயினும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்கள் வேலை செய்யும் இடங்களுக்கே அத்தகைய சட்டங்கள் பொருந்துவதால், ஓரிருவர் பணிபுரியும் கலைக்கூடங்கள் அவற்றின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. அங்கே காப்பு என்பது கூடத்தை நடத்துபவரின் பொறுப்பையும் பணிபுரிபவரின் விழிப்பையும் சார்ந்தது. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய பாதுகாப்புத் தகவல் தாளை விற்பவரிடம் கேட்டுப் பெறுவதும், கண் கழுவும் வசதி வைப்பதும், அமிலம் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு 108 ஊர்தியை அழைப்பதும் மாணவர் முதற்கொண்டு அனைவரும் பழக வேண்டியவை.

பெயரைக் காட்டி விற்கும் ஏமாற்று

இன்றைய நாள்காட்டிகளையும் சுவரொட்டிகளையும் அச்சிடும் ஆஃப்செட் முறையும் கொழுப்பு, நீர் அடிப்படையில் இயங்குவதால் அதுவும் லித்தோகிராஃபியின் வகையே. ஆனால் ஓர் ஓவியத்தைப் புகைப்படமாக்கி ஆஃப்செட்டில் அச்சிட்ட தாளை, ஓவியர் கல்லில் வரைந்த மூலக் கல்லச்சு என்று விற்பது ஏமாற்று. பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டின் 97-ஆம் அதிகாரத்தையொட்டி அமைந்த இந்தியச் சுங்கக் கட்டண அட்டவணை இவ்வேறுபாட்டைத் தெளிவாக வரையறுக்கிறது: ஓவியர் முழுவதும் கையால் உருவாக்கிய ஒன்றோ பலவோ தகடுகளிலிருந்து நேரே எடுக்கப்பட்டதே மூல அச்சு, எந்திர முறையிலோ ஒளி எந்திர முறையிலோ உருவானவை அதில் சேரா. விற்பவர் என்ன பெயரிட்டாலும் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வியை இவ்வரையறையே தருகிறது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால், ஆஃப்செட் படத்தில் நான்கு வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான பூ வடிவ வரிசையில் தெரியும். இங்க்ஜெட் படத்தில் நுண்ணிய தெளிப்புப் புள்ளிகள் தெரியும். கிரேயான் கல்லச்சிலோ கல்லின் சொரசொரப்பைப் பின்பற்றிய ஒழுங்கற்ற மணித்தன்மை காணப்படும். எனினும் 19-ஆம் நூற்றாண்டின் வண்ணக் கல்லச்சுகளிலும் கையால் இட்ட புள்ளிகள் உண்டென்பதால், ஐயமுள்ள விலையுயர்ந்த படங்களை வல்லுநரிடம் காட்டுவதே முறை. கையொப்பம் மட்டுமே சான்றாகாது: 1970களில் சால்வடோர் டாலியின் கையொப்பமிட்ட வெற்றுத் தாள்கள் ஆயிரக்கணக்கில் புழங்கியதால், அவர் பெயரிலான பிற்கால அச்சுகள் பலவற்றின் உண்மைத்தன்மையே கேள்விக்குறியானது.

தமிழ் வீடுகளில் பூசை அறைகளை நிறைத்த ரவி வர்மா படங்களும் இவ்வகையில் கவனத்துக்குரியவை. 1894-இல் பம்பாயில் தொடங்கி, பின்னர் லோனாவ்லா அருகே மலவ்லிக்கு மாறிய அவரது அச்சகம் வெளியிட்ட ஓலியோகிராஃப் எனும் வண்ணக் கல்லச்சுகள், அவருடைய ஓவியங்களைப் பிறர் கல்லில் படியெடுத்து அச்சிட்டவை. அவர் 1906-இல் மறைந்ததால் அப்படங்களுக்கு இன்று பதிப்புரிமை இல்லை. யாரும் அவற்றை மறு அச்சு செய்யலாம், ஆனால் புதிய அச்சைப் பழைய ஓலியோகிராஃப் என்று விற்க எவருக்கும் உரிமை இல்லை. மேலும், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்களைத் தொல்பொருள்களாகக் கருதித் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுப்பதால், பழைய படங்களை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வோர் முன்னதாகவே இந்தியத் தொல்லியல் துறையை அணுக வேண்டும்.

ஓவியரின் உரிமைகளும் சட்டத்தின் இடைவெளிகளும்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், செதுக்கோவியம் என்ற வகைக்குள் லித்தோகிராஃபையும் சேர்த்துக் கலைப்படைப்பாக ஏற்கிறது. உரிமை படைத்த கணத்திலேயே பிறக்கிறது. பதிவு கட்டாயமன்று, ஆயினும் பதிவுச் சான்று வழக்கில் உதவும். படைத்தவரின் வாழ்நாளுக்கும், மறைந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். ஒரு பிரதியை வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டலாம், மறுவிற்பனை செய்யலாம். ஆனால் படியெடுத்து அட்டையாகவோ காலண்டராகவோ வெளியிட உரிமை பெறுவதில்லை. உரிமையை விற்றுவிட்ட பின்னரும் தம் பெயரைக் கோரவும், மதிப்பைக் குலைக்கும் சிதைப்பைத் தடுக்கவும் 57-ஆம் பிரிவு ஓவியருக்கு வழிசெய்கிறது.

இரண்டு இடங்களில் ஓவியர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் ஊதியம் பெற்று உருவாக்கிய செதுக்கோவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையெனில், கேட்டவரே முதல் உரிமையாளர் என்று 17-ஆம் பிரிவு கூறுகிறது. ஒரு காட்சிக்கூடமோ நிறுவனமோ பணம் தந்து கல்லச்சு செய்யச் சொன்னால், உரிமை யாருக்கு என்பதை வேலை தொடங்குமுன் எழுத்தில் வரையறுக்காத ஓவியர் அதை முழுமையாக இழக்க நேரிடும். அடுத்தது, 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட மறுவிற்பனையில் பங்கு தரும் 53ஏ பிரிவு. கலைப்படைப்புகளில் அது ஓவியம், சிற்பம், வரைபடம் ஆகியவற்றையே குறிக்கிறது, அச்சோவியத்தின் பெயர் அதில் இல்லை. 2001-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறியாணை லித்தோகிராஃபைப் பெயர் சொல்லியே இவ்வுரிமைக்குள் சேர்த்திருப்பதைக் காணும்போது, இந்தியச் சட்டத்தின் இந்த இடைவெளி நிரப்பப்பட வேண்டியது என்பதில் ஐயமில்லை. அதுவரை, மறுவிற்பனைப் பங்கை விற்பனை ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

தீர்வுக்கான வழிகள்

அனுமதியின்றிப் படியெடுத்தவர்மீது ஓவியர் தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். தடையாணை, இழப்பீடு, ஈட்டிய இலாபத்தின் கணக்கு ஆகியவற்றைக் கோரலாம். அறிந்தே உரிமையை மீறுவது 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு இலட்சம் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் கையொப்பமிட்ட எழுத்தாக இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது.

ஏமாற்றப்பட்ட வாங்குபவர், தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கியிருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் வழிகாட்டல் பெறலாம். திட்டமிட்ட மோசடியெனில் காவல்துறையிடமும் செல்லலாம். இலாபத்துக்காக மறுவிற்பனை செய்ய வாங்கியவர் நுகர்வோராகக் கருதப்படமாட்டார் என்பதால், அவர் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

இவ்வழிகள் அனைத்திலும் வெற்றி சான்றைப் பொறுத்தது. ஓவியர் பெயர், அச்சுக் கலைஞர் பெயர், கல்லா தகடா, கையால் வரைந்ததா ஒளிமுறையில் மாற்றியதா, தாளின் வகை, பதிப்பின் எண்ணிக்கை, அதற்கு வெளியிலுள்ள பிரதிகளின் எண்ணிக்கை, அச்சிட்ட ஆண்டு, கல் ரத்தான நாள், பதிப்புரிமை யாருடையது என்ற விவரங்கள் அடங்கிய பதிப்பு ஆவணத்தில் இருவரும் கையொப்பமிட்டு, விற்கும் ஒவ்வொரு பிரதியுடனும் அதன் நகலைத் தர வேண்டும். வாங்குபவர் அதைக் கேட்டுப் பெற்று, முறை குறிப்பிடப்பட்ட ரசீதுடன் பாதுகாக்க வேண்டும். சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாடமியின் வட்டார மையம் போன்ற பொதுக் கலைக்கூடங்களும் கவின்கலைக் கல்லூரிகளும், கல் தேய்ப்பதையும் மை ஏற்றுவதையும் போலவே இந்த ஆவணத்தை எழுதுவதையும் பாடத்தின் பகுதியாக்க வேண்டும். ஏனெனில் அந்த ஒரு தாள் இல்லாதபோது, உண்மையான கல்லச்சுக்கும் போலிக்கும் இடையிலான வேறுபாட்டை நிறுவும் சுமை முழுவதும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுகிறது.