தாதியருக்குப் பணிப்புரை வழங்கும் அதிகாரம்

நள்ளிரவு வேளையில் நோயாளர் விடுதியில் கடமையிலிருக்கும் தாதியொருவரிடம் மருந்துக் கட்டளை ஒன்று வந்து சேருகின்றது. அதில் ஒப்பமிட்டிருப்பவர் வைத்தியர் அல்லர், வைத்திய உதவியாளர். அம்மருந்தை ஏற்றியபின் நோயாளிக்கு ஏதேனும் நேர்ந்தால், தமது பதிவையே பணயம் வைத்து விசாரணைக்கு முகங்கொடுக்க வேண்டியவர் தாதியே. அவ்வாறாயின் அக்கட்டளைக்கு அவர் கட்டுப்பட்டவரா? ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா நீதிமன்றப் படியேறிய ஒன்றாகும்.

வைத்திய உதவியாளர் எனும்போது எமது வைத்தியசாலைகளின் சிற்றூழியர்களை நினைத்துவிடலாகாது. நோயாளியைப் பரிசோதித்து, நோயை நிர்ணயித்து, மருந்து எழுதவும் பயிற்றப்பட்டவர்கள் இவர்கள். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965 இல் டொக்டர் இயூஜின் ஸ்டெட் இப்பயிற்சியை ஆரம்பித்தார். அனுபவமிக்க தாதியரையே இவ்வாறு உயர்த்த முதலில் முயற்சி நடந்தது. தாதியக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு அதனை ஏற்க மறுத்தது. அதன்பின்னரே கடற்படையில் மருத்துவப் பணியாற்றி விலகிய நால்வர் தெரிவு செய்யப்பட்டனர். தாதியர் கைவிட்டுப்போன இடத்திற்கு வந்தவர்களே பின்னர் தாதியருக்குக் கட்டளை எழுதினர் என்பதை மறந்துவிட்டால், பிணக்கின் கசப்பு விளங்காது. எமது நாட்டின் அப்போதிக்கரிமாரை வாசகர்கள் இங்கு நினைவுகூரலாம். ஆயினும் அவர்கள் வைத்தியர் அருகில் இல்லாத கிராமிய மருந்தகங்களைத் தாமே நடத்தியவர்கள். அமெரிக்க உதவியாளரோ வைத்தியர் ஒருவரின் மேற்பார்வைக்குட்பட்டவராகவே உருவாக்கப்பட்டார்.

வொஷிங்டன் மாநிலத்தில் வைத்திய உதவியாளர்கள் மருந்துச் சீட்டும் சிகிச்சைக் கட்டளைகளும் எழுதலாமென வைத்தியப் பரீட்சகர் சபை ஒழுங்குவிதி ஒன்றை ஆக்கியது. மாநிலத் தாதியர் சங்கம் அதனை எதிர்த்து வழக்காடியது. அச்சங்கத்தின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. அனுமதி பெற்ற வைத்தியரின் பணிப்பின் பேரில் மருந்து கொடுப்பதற்கே தாதியச் சட்டம் இடமளித்தது. உதவியாளர் அத்தகைய வைத்தியர் அல்லவே!

மாநில உயர் நீதிமன்றம் 1980 இல் ஒழுங்குவிதி செல்லுபடியானதெனத் தீர்த்தது. உதவியாளர் தம்மை மேற்பார்வை செய்யும் வைத்தியரின் முகவர் ஆவார். எனவே அவர் எழுதும் கட்டளை அவ்வைத்தியரிடமிருந்து வந்ததாகவே கொள்ளப்படும் என்பதே அதன் நியாயம். ஆகவே தாதி கீழ்ப்படிவது உதவியாளருக்கன்று, அவருக்குப் பின்னால் நிற்கும் வைத்தியருக்கே. வைத்தியர் ஒப்படைத்த எல்லையைத் தாண்டி உதவியாளர் எழுதினால், முகவர் என்ற அந்தத் தகுதி அங்கே அவருக்குத் துணைநிற்காது. யாருக்கு எவ்வளவு ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பதைத் தாதி அறிந்திருக்க வைத்தியசாலை வழி செய்ய வேண்டும் என்போம்.

கட்டளை சட்டபூர்வமானது என்பதனால் மட்டும் தாதியின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. 1960 இல் இலினோய் மாநிலத்தில் விளையாட்டின்போது காலெலும்பு முறிந்த மாணவர் ஒருவருக்கு மாக்கட்டுப் போடப்பட்டது. விரல்கள் வீங்கிக் கறுத்தன. இறுதியில் கால் துண்டிக்கப்பட்டது. இத்தனைக்கும் சிகிச்சையளித்தவர் முழுத்தகுதி பெற்ற வைத்தியரே. இரத்தோட்டத்தை அடிக்கடி பரிசோதித்து, வைத்தியர் நடவடிக்கை எடுக்காதவிடத்து வைத்தியசாலை நிருவாகத்துக்கு அறிவிப்பதும் தாதியரின் கடமையென யூரிகள் முடிவு செய்ய இடமுண்டு என 1965 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் கூறியது. வைத்தியரின் கட்டளையைக் கேள்விக்குட்படுத்தக் கடமைப்பட்டவர், உதவியாளரின் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு நிறைவேற்ற முடியுமா?

முகவர் என்ற இந்த நியாயமும் இப்போது ஆட்டம் காண்கின்றது. வட டகோட்டா மாநிலம் 2019 இல் பெரும்பாலான பணியிடங்களில் உதவியாளர்கள் வைத்தியருடன் எழுத்துமூல உடன்படிக்கை செய்யும் தேவையை நீக்கிவிட்டது. மேற்பார்வையாளர் இல்லாதவிடத்து எவருக்கு முகவர்? அத்தகைய இடங்களில் சட்டவாசகமே தாதிக்கு விடையளிக்க வேண்டியுள்ளது. வழக்கு நடந்த வொஷிங்டனில் இன்று நடைமுறையிலுள்ள தாதியச் சட்டம், எவரெவரின் பணிப்பின் பேரில் தாதி மருந்து கொடுக்கலாம் என்ற பட்டியலில் வைத்தியருடன் வைத்திய உதவியாளரையும் பெயர் குறித்தே சேர்த்துள்ளது.